கொடைக்கானலில் எத்தனை பேர்? செல்போன் சொல்லும் கணக்கு!

மே மாதம். ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணி.

கொடைக்கானல் மலைப்பாதையில், பெருமாள்மலைக்குக் கீழே கார்கள் நிற்கின்றன. ஒன்றன் பின் ஒன்றாக, வளைவுக்கு வளைவு நிற்கின்றன. எறும்பு வரிசை போல் என்று எழுத ஆசைதான். ஆனால், எறும்பு நகரும். இந்தக் கார்கள் நகரவில்லை!

குழந்தைகள் அழுகின்றன. டிரைவர்கள் இறங்கி நின்று எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடக் கட்டிக்கொண்டு வந்த புளியோதரை, காருக்குள்ளேயே பிரிக்கப்படுகிறது. மேலே இருந்து ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு இறங்குகிறது. நோயாளியைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வண்டி. அதற்கும் வழி இல்லை.

கோடையில் அந்தப் பாதையில் போனவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. நானும் ஒரு முறை அந்த வரிசையில் 3 மணி நேரம் உட்கார்ந்து இருந்தேன். வேறு வேலை இல்லாததால் ஒரு கேள்வி மனதில் எழுந்தது.

"இந்த நிமிடத்தில் மலை மேல் எத்தனை பேர் இருக்கிறார்கள்? யாருக்காவது தெரியுமா?"

ஓட்டல்காரருக்குத் தம்முடைய அறைக் கணக்குத் தெரியும். படகுக்காரருக்குப் படகில் ஏறியவர்களைத் தெரியும். மொத்தக் கணக்கு?

அது தெரிந்த ஒன்று உண்டு. அந்த வரிசையில் நின்றவர்களின் சட்டைப் பையிலேயே அது இருந்தது. ஆம், செல்போன்!

உலையும் விருந்தாளிகளும்

2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி, கொடைக்கானல் நகரசபையில் வாழ்ந்தவர்கள் 36 ஆயிரத்து 501 பேர்.

இது அந்த ஊரில் குடியிருப்பவர்களின் கணக்கு. காலையில் வந்து மாலையில் இறங்குகிறவர்கள் இதில் சேர மாட்டார்கள். அப்சர்வேட்டரி நீர்த்தேக்கமும், மனோரஞ்சிதம் அணையும் ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கின்றன. அந்தத் தண்ணீரை வந்தவர்களும் குடிக்கிறார்கள். குப்பையை அவர்களும் போடுகிறார்கள். வயிற்றுவலி வந்தால் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் அவர்களும் போக வேண்டும்.

வீட்டில் 4 பேருக்கு உலை வைத்து இருக்கிறோம். வாசலில் 40 பேர் வந்து இறங்கினால் என்ன ஆகும்? அதுதான் கொடைக்கானலின் கோடைக் கதை.

ஒரு காலத்தில் இந்தக் கணக்கு மிகவும் எளிது. 1845-ம் ஆண்டு அமெரிக்கப் பாதிரிமார்கள் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அப்போது சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு என்ற இடத்தில் இருந்து குதிரையிலோ, டோலியிலோதான் மலை ஏற வேண்டும். மலை மேல் எத்தனை துரைமார்கள் என்று தெரிய வேண்டுமா? டோலி தூக்குகிறவரைக் கேட்டால் போதும்!

1863-ல் லெவிஞ்சு துரை ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். 1914-ல் வத்தலக்குண்டு பக்கம் இருந்து மோட்டார் சாலை வந்தது. டோலிக்காரரின் கணக்கு அதோடு முடிந்தது.

காருக்கு ஒரு சீட்டு

2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், சென்னை ஐகோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற உல்லாசப் பயணிகளின் வண்டிகளுக்கு "இ-பாஸ்" வேண்டும் என்றது. மே மாதம் 7-ந் தேதி அது அமலுக்கு வந்தது.

பாஸ் வாங்குவது எப்படி? நம் நாட்டுக்காரர் செல்போன் நம்பரைக் கொடுத்துப் பதிவு செய்யவேண்டும். வெளிநாட்டுக்காரர் இ-மெயில் முகவரியைக் கொடுக்கவேண்டும். என்ன வண்டி, எத்தனை பேர், ஒரு நாள் பயணமா, தங்கப் போகிறார்களா என்ற விவரங்களைச் சொல்லவேண்டும்.

2025-ம் ஆண்டு மார்ச் மாதம் ஐகோர்ட்டு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை, கொடைக்கானலுக்குச் சாதாரண நாட்களில் 4 ஆயிரம் வண்டிகள், சனி, ஞாயிறு நாட்களில் 6 ஆயிரம் வண்டிகள் என்று அளவு வைத்தது. ஊட்டிக்கு 6 ஆயிரம், 8 ஆயிரம். உள்ளூர்க்காரர் வண்டிக்கும், விளைபொருள் ஏற்றும் வண்டிக்கும், சர்க்கார் பஸ்சுக்கும் இந்த அளவு கிடையாது.

ஒரு காரில் 4 பேர் என்றே வைத்துக் கொள்ளுங்கள். 6 ஆயிரம் காரில் 24 ஆயிரம் பேர்! ஊர் ஜனத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு. அளவு வைத்த பிறகும் இவ்வளவு!

இந்த மலைகள் எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் வேலை, சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்படைக்கப்பட்டது.

பாஸ் நல்ல ஏற்பாடுதான். ஆனால், அது வாசலில் நின்று எண்ணுகிற கணக்கு. வீட்டுக்குள் போனவர்கள் எந்த அறையில் நெரிகிறார்கள் என்பதை அது சொல்லாது.

கொடைக்கானலின் அமைப்பு அப்படி. வத்தலக்குண்டு சாலை, பழனி சாலை, பெரியகுளத்தில் இருந்து அடுக்கம் வழியாக வரும் சாலை, மூன்றும் பெருமாள்மலையில் வந்து சேர்கின்றன. அங்கே இருந்து ஊருக்குள் போக ஒரே கழுத்து! கழுத்தைத் தாண்டினால் வெள்ளி நீர்வீழ்ச்சி. அப்புறம் ஏரி, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் நடைபாதை எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. "பன்னிரண்டு மைல்" என்று சொல்லும் காட்டுப் பக்கம் போனால் பைன் காடு, குணா குகை, தூண் பாறை. இன்னும் தள்ளிப் போனால் பூம்பாறை, மன்னவனூர்.

2024-ம் ஆண்டு பிப்ரவரியில் "மஞ்சும்மல் பாய்ஸ்" என்ற மலையாளப் படம் வந்தது. குணா குகையில் விழுந்த நண்பனை மீட்கும் கதை. அவ்வளவுதான்! கூட்டம் குணா குகைப் பக்கம் திரும்பிவிட்டது. அதே 4 ஆயிரம் கார்கள் வந்தாலும், அவை 10 இடங்களில் பரவி நிற்பது வேறு. ஒரே குகை வாசலில் போய் அடைவது வேறு.

பாட்டி போன பயணம்

செல்போன் இதை எப்படிச் சொல்லும்?

மதுரையில் இருந்து ஒரு குடும்பம் புறப்படுகிறது. அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள், 8 வயது பையன், பாட்டி. ஐந்து பேர். அப்பாவிடம் ஒரு செல்போன், அம்மாவிடம் ஒன்று, மகளிடம் ஒன்று.

செல்போன் பேசும்போது மட்டும்தான் வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பையில் சும்மா கிடக்கும்போதும் அது பக்கத்தில் உள்ள டவரோடு தொடர்பு வைத்துக்கொண்டே இருக்கும். "நான் இங்கே இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கும். அப்படிக் குரல் கொடுத்தால்தான், யாராவது கூப்பிடும்போது எந்த டவர் வழியாக மணி அடிக்கவேண்டும் என்பது கம்பெனிக்குத் தெரியும்.

வாடிப்பட்டியில் ஒரு டவர். நிலக்கோட்டையில் ஒரு டவர். வத்தலக்குண்டில் வேறொன்று. கார் ஓட ஓட, ஒரு டவர் அந்தச் செல்போனை அடுத்த டவரின் கையில் கொடுத்துக்கொண்டே போகிறது. பேச்சு எப்போது, எவ்வளவு நேரம், எந்த டவர் வழியாக என்ற விவரம் கம்பெனியில் பதிவாகிறது. (என்ன பேசினார்கள் என்பது இந்தப் பதிவில் இராது.) இந்தப் பதிவுகளை 2 ஆண்டுகளாவது வைத்து இருக்கவேண்டும் என்று 2021-ம் ஆண்டு டிசம்பரில் மத்திய சர்க்கார் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது.

இனிக் கணக்கு எளிது. பகல் 2 மணிக்கு ஏரிக்கரை டவரின் கீழ் எத்தனை செல்போன்கள்? இரவு 2 மணிக்கு எத்தனை? பகலில் இருந்து இரவில் இல்லாதவர்கள், வந்து திரும்பியவர்கள். இரவிலும் இருப்பவர்கள், தங்கியவர்கள். மாதம் முழுவதும் ஒவ்வோர் இரவும் இருப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள். பெயர் தேவை இல்லை, ஊர் தேவை இல்லை, எண்ணிக்கை போதும்.

இப்படி மணிக்கு மணி எண்ணிப் பார்த்தால், ஊர் மூச்சு விடுவது தெரியும். எந்தப் பக்கம் எத்தனை மணிக்கு வீங்குகிறது, எப்போது வடிகிறது என்பது தெரியும். குணா குகைப் பக்கம் நிரம்பும்போது, பெருமாள்மலையிலேயே, "அங்கே இப்போது போகாதீர்கள், மாலையில் போங்கள்" என்று சொல்லலாம். ஆம்புலன்சுக்கு எந்த நேரத்தில் எந்தப் பாதையைக் காலியாக வைக்கவேண்டும் என்று போலீசார் முன்கூட்டியே திட்டம் போடலாம். பூம்பாறைப் பூண்டும், மன்னவனூர் முட்டைகோசும் ஏற்றிய லாரி எப்போது இறங்கினால் சிக்காது என்றும் சொல்லலாம்.

ரோமாபுரியும் கொழும்பும்

இது வெறும் கற்பனை அல்ல. வேறு ஊர்களில் செய்து பார்த்து இருக்கிறார்கள்.

2006-ம் ஆண்டு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலையைச் சேர்ந்த கார்லோ ராட்டி என்பவரும் அவருடைய குழுவினரும், ரோமாபுரி நகரத்தின் செல்போன் நடமாட்டத்தைப் படமாக வரைந்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 9-ந் தேதி உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். ஆட்டம் நடந்தது பெர்லினில். ஆனால், ரோமாபுரியின் செல்போன் படத்தில் ஆட்டத்தையே பார்க்க முடிந்தது! பந்து ஓடும்போது ஊரே பேச்சு மூச்சு இல்லை. இடைவேளையில் எல்லோரும் போனை எடுக்கிறார்கள். இத்தாலி வென்றதும் படம் மலை போல் எழும்புகிறது!

எஸ்தோனியா என்ற சின்ன நாடு இதைச் சர்க்கார் வேலையாகவே ஆக்கிவிட்டது. எந்த நாட்டில் இருந்து எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை இரவு தங்கினார்கள் என்பதை, அங்கே வந்து இறங்கும் வெளிநாட்டுச் செல்போன்களைக் கொண்டு கணக்கிட்டார்கள்.

நமக்குப் பக்கத்து ஊர் கொழும்பு. அங்கே "லேர்ன் ஏசியா" என்ற ஆராய்ச்சி நிலையம், 2012, 2013-ம் ஆண்டுகளில் பதிவான செல்போன் விவரங்களை ஆராய்ந்தது. நம்பர்களை மறைத்த பிறகே கம்பெனிகள் அவற்றைக் கொடுத்தன. இரவில் எந்த டவரோ, அங்கே வீடு. பகலில் எந்த டவரோ, அங்கே வேலை. இப்படிப் பார்த்தபோது, பகலில் கொழும்பு நகரில் இருப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெளியில் இருந்து வருகிறவர்கள் என்று தெரிந்தது! மகரகம, கொலன்னாவ, கடுவெல என்று பக்கத்து ஊர்களில் இருந்து வருகிறார்கள். ஊரில் தூங்குவோர் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பஸ் விட்டால் என்ன ஆகும்? பஸ்சில் தொங்கத்தான் வேண்டும்.

வீடு வீடாகப் போய்க் கேட்டு இந்த விவரத்தைச் சேர்க்க நிறைய ஆட்களும் பணமும் வேண்டும். சேர்த்து முடிப்பதற்குள் பழசாகியும் விடும். கொடைக்கானலில் யாரைப் போய்க் கேட்பது? வந்தவர் மாலையில் மதுரையில் இருப்பார்.

கைவண்டியில் 99 செல்போன்

செல்போன் சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல. அதுவும் ஏமாறும்.

2020-ம் ஆண்டு, சைமன் வெக்கர்ட் என்ற ஜெர்மன் கலைஞர் ஒரு வேடிக்கை செய்தார். ஒரு சின்னக் கைவண்டியில் 99 செல்போன்களைப் போட்டார். பெர்லின் தெருவில் அதை இழுத்துக்கொண்டு மெதுவாக நடந்தார். தெருவில் கார் ஒன்றும் இல்லை. ஆனால், கூகுள் வரைபடத்தில் அந்தத் தெரு சிவப்பாக மாறிற்று. "இங்கே பெரிய நெரிசல்" என்றது! 99 செல்போன்கள் ஊர்ந்தால், 99 கார்கள் ஊர்கின்றன என்று அது நினைத்துக்கொண்டது.

மலையில் இந்த ஏமாற்றம் இன்னும் ஜாஸ்தி. சமவெளியில் டவர்கள் நெருக்கமாக இருக்கும். காட்டில் ஒரே டவர் பெரிய பரப்பைப் பார்த்துக்கொள்ளும். அதன் கீழ் ஆயிரம் செல்போன்கள் என்றால், அவை குகை வாசலில் நிற்கின்றனவா, இரண்டு மைல் தள்ளித் தோட்டத்தில் நிற்கின்றனவா என்று சொல்ல முடியாது. சிக்னல் நேர்கோட்டில் போகும். குறுக்கே குன்று இருந்தால் தடைப்படும். வட்டக்கானல் பக்கம் பாறை விளிம்பில் நிற்கும் ஒருவருடைய செல்போன், முதுகுக்குப் பின்னால் இருக்கும் டவரை விட்டுவிட்டு, கீழே சமவெளியில் தெரியும் டவரைப் பிடித்துக்கொள்ளக்கூடும். ஆள் மலையில், கணக்கு பள்ளத்தில்!

நம் மதுரைக் குடும்பத்தையே பாருங்கள். ஆட்கள் 5. செல்போன்கள் 3. பாட்டியும் பையனும் கணக்கில் இல்லை. அப்பாவிடம் 2 சிம் கார்டு இருந்தால், அவர் ஒருவரே இருவர் ஆகிவிடுவார்.

இதைத் திருத்த வழி உண்டு. கொடைக்கானலில் அது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இ-பாசில் ஒவ்வொரு காரிலும் எத்தனை பேர் என்று எழுதி இருக்கிறது அல்லவா? ஒரு நாள் வந்த மொத்தத் தலைகளையும், அன்று டவர்கள் கண்ட புதிய செல்போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு செல்போனுக்கு எத்தனை தலை என்ற விகிதம் கிடைத்துவிடும். பஸ்சில் வந்தவர்களை டிக்கெட்டைக் கொண்டு சேர்த்துக்கொள்ளலாம். வாசல் கணக்கும் உள்கணக்கும் சேர்ந்தால்தான் பாட்டிக்கும் இடம் கிடைக்கும்.

நாலு இடம் போதும்

"நான் எங்கே போகிறேன் என்பதை எவனோ உட்கார்ந்து பார்ப்பதா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான்.

நம்பரை அழித்துவிட்டுக் கொடுத்தால் ஆபத்து இல்லை என்று முன்பு நினைத்தார்கள். 2013-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 15 லட்சம் பேரின் 15 மாத நடமாட்டத்தை விஞ்ஞானிகள் பார்த்தார்கள். பெயர் இல்லை, நம்பர் இல்லை. ஆனாலும், ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று 4 இடங்கள் தெரிந்தால் போதும். 100-க்கு 95 பேரைத் தனியே பிரித்து எடுத்துவிடலாம் என்று கண்டார்கள்!

யோசித்துப் பாருங்கள். இரவில் பெருமாள்மலை. காலை 9 மணிக்கு ஏரிக்கரை. வெள்ளிக்கிழமை மாலை பூம்பாறை. மாதம் ஒரு முறை மதுரையில் ஆஸ்பத்திரிப் பக்கம். இந்த நான்கையும் சொன்னால், தெரிந்தவர்கள் "அட, நம் டீச்சர்!" என்று சொல்லிவிட மாட்டார்களா? அந்த டீச்சருக்கு என்ன நோய் என்று ஊரார் பேசவும் ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தரங்கம் ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று, 2017-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் தீர்ப்பு அளித்தார்கள். தனிநபர் தகவல்களைக் காக்க 2023-ல் பாராளுமன்றத்தில் சட்டமும் வந்தது.

ஆகவே, ஒவ்வொரு செல்போனின் வழியையும் கம்பெனி வெளியே கொடுக்கக் கூடாது. டவருக்கு இத்தனை, மணிக்கு இத்தனை என்று கூட்டிய எண்ணிக்கையை மட்டும் கொடுக்கவேண்டும். எங்கேயாவது பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணையும் மறைக்கவேண்டும். நெரிசலைத் தீர்க்க இவ்வளவு போதும். இதற்கு மேல் ஒருவர் கேட்டால், "எதற்கு?" என்று திருப்பிக் கேட்கவேண்டும்.

இருட்டாகத் தெரியும் ஊர்கள்

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றும் கவலை வேறு ஒன்று.

செல்போன் வரைந்த படத்தில் கூட்டம் உள்ள இடம் ஜொலிக்கும். ஏரிக்கரை ஜொலிக்கும். ஓட்டல் தெரு ஜொலிக்கும். சிக்னல் எட்டாத பள்ளத்தாக்கு? அங்கே இருட்டு. ஆள் இல்லாத காடு போல் தோன்றும்.

அங்கே ஆள் இல்லையா? பழனி மலைக் காடுகளில் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. வெள்ளகெவி என்ற பழைய கிராமம் நெடுங்காலம் சாலையே இல்லாமல் இருந்தது. நோயாளியை டோலி கட்டித்தான் தூக்கி வந்தார்கள். துரைமார்களின் டோலி போய் நூறு ஆண்டு ஆன பிறகும், ஏழைகளின் டோலி போகவில்லை!

பட்டணத்தில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்க்கும் அதிகாரி, ஜொலிக்கும் இடத்துக்குத்தான் கழிப்பிடம் கட்டுவார், பஸ் விடுவார், இன்னொரு டவரும் வைப்பார். டவர் வந்ததும் அந்த இடம் இன்னும் ஜொலிக்கும். இருட்டான ஊர் இருட்டாகவே கிடக்கும். ஆகையால், அந்த ஊர்களுக்கு மட்டும் பழைய முறைதான் சரி. நோட்டும் பென்சிலுமாக நடந்து போய், வீடு வீடாக எண்ணிக்கொண்டு வரவேண்டும். அந்த எண்களைச் செல்போன் கணக்கோடு சேர்த்த பிறகே படத்தை மேஜையில் விரிக்கவேண்டும்.

குறிஞ்சி பூக்கும் ஆண்டு

கொடைக்கானலில் 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை குறிஞ்சி பூக்கும். 2006-ல் பூத்தது. 2018-ல் பூத்தது. அடுத்தது 2030.

அந்த ஆண்டு, கோடைக் கூட்டம் இறங்கிய பிறகு, பூப்பார்க்கும் கூட்டம் ஏறும். எந்தச் சரிவில் பூத்தது என்று யாராவது செல்போனில் படம் பிடித்துப் போட்டால், மறுநாள் காலையில் அந்தச் சரிவுக்கு வண்டிகள் திரும்பும். அது பூம்பாறைப் பாதையாக இருக்கலாம். குறுகலான வேறு ஒரு காட்டுப் பாதையாகவும் இருக்கலாம்.

அன்றைக்குக் கூட்டம் எவ்வளவு அதிகம் என்று சொல்ல, பூ இல்லாத சாதாரண ஆண்டின் கணக்கு முன்னதாகவே கையில் இருக்கவேண்டும். மணிக்கு மணி, டவருக்கு டவர், கோடை, மழை, பனி என்று ஒரு முழு ஆண்டுக் கணக்கு. அதை 2029 ஜனவரியிலாவது எண்ணத் தொடங்கிவிட வேண்டும்.